படிவுப் பாறைக்குள் வந்த குரோம் ஸ்பினெல், உருமாற்றத்தில் என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணற்கல்லை உடைத்து, கனமான கனிமங்களைத் தனியே பிரித்து, அதில் கிடைக்கும் குரோம் ஸ்பினெல் என்ற கருப்புத் துகள்களை வைத்து "இந்த மணல் எங்கிருந்து வந்தது" என்று கண்டுபிடிக்க முயல்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. அவசரத்தில் இருப்பவர்கள் குறைந்தது குரோம் எண் பற்றிய கேள்வியையும், மாற்றம் படிவதற்கு முன்பா பின்பா என்ற கேள்வியையும் படித்துவிடுங்கள், அதிகத் தவறுகள் அந்த இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன.

குரோம் ஸ்பினெல்னா என்ன? குரோமைட்டும் அதுவும் ஒண்ணுதானா?

கிட்டத்தட்ட. ஸ்பினெல் என்பது ஒரு கனிமக் குடும்பம். நான்கு ஆக்சிஜனுக்கு மூன்று உலோக அயனிகள்: ஒன்று இரட்டை மின்சுமை கொண்டது (மெக்னீசியம், ஃபெரஸ் இரும்பு, சிறிது துத்தநாகம், மாங்கனீசு), மற்ற இரண்டும் மும்மடங்கு மின்சுமை கொண்டவை (குரோமியம், அலுமினியம், ஃபெரிக் இரும்பு). குரோமியம் கணிசமாக இருந்தால் பொதுவாகக் குரோம் ஸ்பினெல் என்கிறோம். இரும்பும் குரோமியமும் ஓங்கி நிற்கும் முனைக்குப் பெயர் குரோமைட்.

இனி வரும் பதில்களில் இரண்டு எண்கள் அடிக்கடி வரும். குரோம் எண் என்றால் குரோமியத்தை, குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த தொகையால் வகுத்தது. மெக்னீசியம் எண் என்றால் மெக்னீசியத்தை, மெக்னீசியமும் ஃபெரஸ் இரும்பும் சேர்ந்த தொகையால் வகுத்தது. இரண்டுமே அணுக்களின் எண்ணிக்கையில் கணக்கிட வேண்டியவை, எடைச் சதவீதத்தை அப்படியே போட்டு வகுக்கக் கூடாது.

மணற்கல்லுக்குள் இது எப்படி வருது? ஏன் எல்லாரும் இதையே தேடுறாங்க?

பெரிடோடைட், கோமாட்டியைட், சில வகை பசால்ட் போன்ற மெக்னீசியம் மிகுந்த பாறைகளில்தான் இது பிறக்கிறது. அந்தப் பாறை மலையாக எழுந்து அரிக்கப்படும்போது ஒலிவின், பைராக்சீன் எல்லாம் சீக்கிரம் சிதைந்துபோக, ஸ்பினெல் மட்டும் ஆற்றோடு உருண்டு வந்து மணலில் தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு மணற்கல்லில் குரோம் ஸ்பினெல் கிடைத்தால், அது படிந்த காலத்தில் எங்கோ நிலத்தின் மேல் மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு) பாறையோ அதன் உருகலில் பிறந்த பாறையோ தலைகாட்டியிருந்தது என்று பொருள். இல்லையென்றால் அதைவிடப் பழைய படிவொன்றிலிருந்து மறுபடி அரித்து வந்திருக்க வேண்டும்.

இமயமலை அடிவாரத்தில் உள்ள சுபாத்து படிவம் நல்ல எடுத்துக்காட்டு. ஈயோசீன் காலத்து அந்தப் படிவத்தில் கிடைத்த குரோம் ஸ்பினெல் துகள்கள், இந்தியாவும் ஆசியாவும் மோதி ஒட்டிய கோடான சிந்து நதி இணைப்பு மண்டலத்தின் ஓஃபியோலைட்டுகள், அதாவது நிலத்தின் மேல் தள்ளப்பட்ட பழைய கடல்தளப் பாறைகள், அப்போதே அரிபட்டு இந்தியப் பக்கத்துக்கு மணல் அனுப்பிக்கொண்டிருந்தன என்பதற்குச் சான்றாகப் பார்க்கப்படுகின்றன. இரண்டு கண்டங்கள் எப்போது மோதின என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்னத் துகள் பேசுகிறது. அதனால்தான் அது உண்மை பேசுகிறதா என்று சோதிப்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

இது அழியாத கனிமம்னுதானே படிச்சோம்? அப்புறம் எப்படி மாறும்?

அழியாமல் இருப்பது வேறு, மாறாமல் இருப்பது வேறு. ஆழத்தில் புதையும்போது ஆம்ஃபிபோல், எபிடோட், கார்னெட் எல்லாம் கரைந்து காணாமல் போகின்றன, ஆனால் சிர்கான், ரூட்டைல், டூர்மலின் ஆகியவற்றோடு குரோம் ஸ்பினெல்லும் தப்பிவிடுகிறது. பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான், அது சரியும்கூட. ஆனால் துகள் அங்கேயே இருக்கும்போதே உள்ளே இருக்கும் அயனிகள் இடம் மாறலாம். வெளி உருவம் உருண்டையாக, பழைய ஆற்று உராய்வின் அடையாளத்தோடு இருக்கும், உள்ளே மெக்னீசியம் பாதி போயிருக்கும்.

சுவீடனின் கின்னகுல்லே பகுதியில் சுமார் 46.6 கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவ விண்கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மற்ற கனிமங்கள் ஏறக்குறைய எல்லாம் கால்சைட், பாரைட், களிமண் கனிமங்களாக மாறிவிட்டன, குரோமைட் மட்டும் நிற்கிறது, விண்கல் எந்த வகை என்று அதை வைத்தே சொல்கிறார்கள். ஆனால் அந்தக் குரோமைட்டிலும் சில துகள்களில் துத்தநாகம் ஏறியிருக்கிறது. உருமாற்றம் (புதைந்த பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வேறு பாறையாவது) என்று சொல்லத்தக்க வெப்பமே காணாத பாறையில் இந்த நிலை என்றால், ஷிஸ்ட் என்ற உருமாற்றப் பாறையாகவே ஆகிவிட்டதில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எது முதலில் மாறும், எது கடைசி வரை தாங்கும்?

இரட்டை மின்சுமை அயனிகள்தான் முதலில் நகரும். மெக்னீசியம் வெளியேறும், ஃபெரஸ் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு உள்ளே வரும். ஒரு மின்சுமைக்கு அதே மின்சுமை என்பதால் படிகச் சட்டகத்தை உடைக்காமல் சும்மா இடம் மாற்றிக்கொண்டால் போதும். குரோமியமும் அலுமினியமும் அதைவிடப் பல மடங்கு மெதுவாக நகர்பவை. அதிலும் குரோமியம், ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி இடத்தை அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளும்.

ஆகவே மெக்னீசியம் எண் முதலில் பொய் சொல்லும், குரோம் எண் ரொம்ப நேரம் தாங்கும். "ரொம்ப நேரம்" என்றுதான் சொன்னேன், "எப்போதும்" என்று சொல்லவில்லை.

மெக்னீசியம் ஏன் வெளியே போகுது? உள்ளே வரலாமே?

வெப்பநிலைதான் காரணம். உருகலின் வெப்பத்தில் ஸ்பினெல்லும் சிலிக்கேட்டும் மெக்னீசியத்தை ஓரளவு பகிர்ந்துகொள்கின்றன. வெப்பம் குறையக் குறைய மெக்னீசியம் சிலிக்கேட் பக்கமும் இரும்பு ஸ்பினெல் பக்கமும் சாய்கின்றன, குரோமியம் மிகுந்த ஸ்பினெல்லில் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். மேன்டிலில் 1,000 டிகிரிக்கு மேல் உருவான துகளைக் கொண்டுவந்து, குளோரைட்டும் பயோடைட்டும் நிறைந்த பாறையில் வைத்து 450 டிகிரியில் சில லட்சம் ஆண்டு வேக வைத்தால் அது அந்த 450 டிகிரிக்கு ஏற்றபடி மாறப் பார்க்கும். நமக்கு உருமாற்றம் என்றாலே சூடு என்று தோன்றும், ஆனால் இந்தத் துகளுக்கு அது பிறந்த இடத்தைவிடக் குளிர்ச்சியான இடம்.

அதோடு, களிமண்ணிலிருந்து வந்த பாறையில் இரும்பு தாராளம். ஒரு மணல் துகளுக்கு எதிரே ஒரு பாறையே நின்றால் யார் யாருக்கு ஒத்துப்போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் துகள்ல துத்தநாக ஆக்சைடு 3 சதவீதம் வருது. கருவி தப்பா?

கருவி தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. புதிதாக, மாற்றமில்லாமல் இருக்கும் மேன்டில் ஸ்பினெல்லில் துத்தநாக ஆக்சைடு பொதுவாக அரை சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். 3 சதவீதம் என்றால் பிறந்த பிறகு ஏறியது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பினெல் சட்டகம் துத்தநாகத்துக்கு மிகப் பிடித்த இடம். நாற்புறமும் ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடத்தில் அது அழகாக உட்காரும். களிமண் கனிமங்கள், ஸ்டாரோலைட், சல்பைடுகள் ஆகியவை சிதையும்போதோ மறுபடி சமநிலைக்கு வரும்போதோ வெளியே விடும் துத்தநாகத்தை, பக்கத்தில் உள்ள குரோம் ஸ்பினெல் உறிஞ்சிக்கொள்கிறது.

சல்பைடு தாது உள்ள இடங்களில் இது உச்சத்துக்குப் போகும். பின்லாந்தின் அவுடோகும்பு தாதுப் பகுதியின் துத்தநாகம் மிகுந்த குரோமைட்டு வெகுகாலமாக அறியப்பட்டது. அது மணலில் வந்த துகள் இல்லை, ஆனால் நடந்த வேதியியல் இதுவேதான். படிவுத் துகள்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸைப் பார்க்கலாம். 440 கோடி ஆண்டு வரை பழமையான சிர்கான்களுக்குப் பெயர்பெற்ற அதே பாறைகளில் குரோமைட் துகள்களும் இருக்கின்றன, அவற்றில் மெக்னீசியம் குறைந்து, இரும்பும் துத்தநாகமும் ஏறியிருக்கின்றன. அவ்வளவு பழைய பூமியைப் பற்றிச் சிர்கானை நம்புவதுபோல இந்தக் குரோமைட்டை நேரடியாக நம்ப முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

பின்சிதறல் எலக்ட்ரான் படத்தில் துகளைச் சுற்றி வெளிச்சமா ஒரு வளையம் தெரியுது. அது என்ன?

அந்தப் படத்தில் சராசரி அணு எண் கூடினால் வெளிச்சம் கூடும். மெக்னீசியமும் அலுமினியமும் போய் இரும்பு வந்த பகுதி பளிச்சென்று தெரியும். துகளின் நடுப்பகுதியான கருவுக்கு வெளியே முதலில் ஃபெரிட்குரோமைட் எனப்படும் இரும்பு மிகுந்த குரோமைட், அதற்கும் வெளியே மேக்னடைட் என்று அடுக்காக வருவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே கூர்மையான எல்லை தெரிந்தால் வியக்க வேண்டாம், குறைந்த வெப்பத்தில் குரோமைட்டும் மேக்னடைட்டும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றில் ஒன்று முழுதாகக் கலப்பதில்லை.

வெளிச்ச வளையத்துக்குள் சின்னச் சின்னக் கருப்புத் துளைகள் தெரிகிறதா பாருங்கள். பெரும்பாலும் அவை குளோரைட். ஸ்பினெல் இழந்த அலுமினியம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். குரோமியம் கலந்த குளோரைட் கையில் எடுத்துப் பார்க்கும் கல்லில் ஊதா இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியும்.

சரி, குரோம் எண்ணை மட்டும் நம்பினால் போதுமா?

இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். டிக், புல்லன் என்ற இருவர் 1984-இல் காட்டிய எல்லை பரவலாகப் பயன்படுகிறது: கடல்தள முகட்டுப் (கடல்தளம் புதிதாக உருவாகும் நீண்ட மலைத்தொடர்) பெரிடோடைட்டுகளின் ஸ்பினெல்லில் குரோம் எண் 0.60-ஐத் தாண்டுவதில்லை, அதற்கு மேல் போனால் தீவு வளைவு (ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடத்தில் எழும் எரிமலைத் தீவு வரிசை) போன்ற சூழலை யோசிக்க வேண்டும். நல்ல அளவுகோல். ஆனால் அது மாறாத ஸ்பினெல்லுக்கான அளவுகோல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கருவில் குரோமியம் 1.0, அலுமினியம் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள், குரோம் எண் 0.53, கடல்தளப் பாறை. முந்தைய பதிலில் சொன்னபடி அலுமினியத்தில் பாதி குளோரைட்டுக்குப் போய்விட்டால் மிச்சம் 0.45, அந்த இடத்தை ஃபெரிக் இரும்பு நிரப்புகிறது. இப்போது குரோம் எண் 0.69. ஒரு குரோமியம் அணுகூட நகரவில்லை, ஆனால் கடல்தள முகடு உங்கள் தாளில் தீவு வளைவாகிவிட்டது. ஒரு முழு நிலத்தட்டு வரலாறே இப்படித் தவறாக எழுதப்படலாம்.

ஆகவே விதி: குரோம் எண்ணைக் கருவில் மட்டும் எடுங்கள், அந்தக் கருவில் ஃபெரிக் இரும்பு குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள், குரோம் எண்ணும் ஃபெரிக் இரும்பும் சேர்ந்து ஏறும் போக்கு தெரிந்தால் நில்லுங்கள். அது உருகலின் போக்காக இல்லாமல் உருமாற்றத்தின் போக்காக இருக்கலாம்.

டைட்டானியம்?

ஓரளவு நம்பலாம். டைட்டானியம் ஆக்சைடு 0.2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மேன்டில் பெரிடோடைட், மேலே போனால் பெரும்பாலும் எரிமலைப் பாறை என்று 2001 முதல் பரவலாகப் பிரிக்கிறார்கள். கரு தெளிவாக இருக்கும் வரை இந்தப் பிரிவு குறைந்த தர உருமாற்றத்தைத் தாங்கும். விளிம்பில் எடுத்த அளவை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம், படிவில் உள்ள இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியம் கொடுக்கக் கூடியவை.

எத்தனை டிகிரியில் கெட ஆரம்பிக்கும்? ஒரே நம்பர் சொல்லுங்க.

ஒரே எண் கிடையாது. உருமாற்றத்தின் குறைந்த வெப்பப் படியான கிரீன்ஷிஸ்ட் தரத்திலேயே இரட்டை மின்சுமை அயனிகள் நகரத் தொடங்கிவிடும், விளிம்பில் மேக்னடைட் வளரும், ஆனால் கருவின் குரோமியம் அலுமினியம் விகிதம் பெரும்பாலும் தப்பும். சுமார் 500 டிகிரியைத் தாண்டி அதைவிடச் சூடான ஆம்ஃபிபோலைட் தரத்துக்குள் போகும்போது கருவும் விளிம்பும் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. இந்த எல்லை துகளின் அளவு, நேரம், திரவம், சுற்றியுள்ள கனிமம் என்று எல்லாவற்றையும் பொறுத்தது. 60 மைக்ரான் துகள் முழுக்க மாறியிருக்கும் அதே கல்லில் 250 மைக்ரான் துகளின் நடுப்பகுதி பழையபடியே இருக்கலாம். அதனால்தான் பெரிய துகள்களைத் தனியாக அளந்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஒரே மலை, ஒரே உருமாற்றம். ஒரு அடுக்குல ஸ்பினெல் நல்லா இருக்கு, பக்கத்து அடுக்குல கெட்டுப்போயிருக்கு. எப்படி?

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். கிட்டத்தட்ட சுத்தமான குவார்ட்ஸ் மணற்கல்லில், துகளைச் சுற்றி மெக்னீசியம் வாங்கிக்கொள்ளவும் இரும்பு கொடுக்கவும் ஆளே இல்லை. களிமண் கலந்த அழுக்கு மணற்கல்லில் குளோரைட், பயோடைட் என்று கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே களத்தில் மாதிரி எடுக்கும்போதே குவார்ட்ஸ் மிகுந்த அடுக்கைத் தேடுங்கள். அதிலும், குவார்ட்ஸ் துகளுக்குள்ளேயே முழுதாக அடைபட்ட சின்ன ஸ்பினெல் கிடைத்தால் விடாதீர்கள்.

மாற்றம் தாய்ப்பாறையிலேயே நடந்ததா, மணலா படிஞ்சப்புறம் நடந்ததா? எப்படிப் பிரிக்கிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, விடை சொல்லக் கடினமான கேள்வியும் இதுதான். பெரிடோடைட் பெரும்பாலும் தண்ணீரோடு வினைபுரிந்து செர்பென்டினைட் என்ற பாறையாக மாறிய பிறகுதான் அரிபடுகிறது. அப்போதே ஃபெரிட்குரோமைட்டும் மேக்னடைட் விளிம்பும் வந்திருக்கும். மேலே சொன்ன அத்தனை அடையாளமும் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே இருக்கலாம்.

முதலில் துகளின் வெளிக்கோட்டைப் பாருங்கள். வெளிச்ச வளையம் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் உருண்டையான ஓரத்தால் வெட்டுப்பட்டும் இருந்தால், வளையம் முதலில் வந்தது, ஆறு அதைத் தேய்த்தது பிறகு. மாறாக, உருண்டையான கருவின் வடிவத்தை அப்படியே பின்தொடர்ந்து வளையம் சமமாக இருந்தால், அல்லது அதன் மேல் கூரான முகங்களோடு மேக்னடைட் வளர்ந்து பக்கத்துக் குவார்ட்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அது படிந்த பிறகு நடந்தது. இதைப் பார்க்கத் துகளைப் பாறையோடு சேர்த்து மெல்லிய வெட்டில் பார்க்க வேண்டும். பாறையை நொறுக்கித் துகளைப் பிரித்து எபாக்ஸி பிசினில் பதித்துவிட்டால் இந்தச் சான்றில் பாதி போய்விடும்.

அடுத்து கூட்டமாகப் பாருங்கள். தாய்ப்பாறையில் நடந்த மாற்றம் என்றால் ஒரே கைப்பிடி மணலில் சில துகள் புதிதாகவும் சில முழுக்கக் கெட்டும் கலந்து கிடக்கும், ஏனென்றால் அவை மலையின் பல இடங்களிலிருந்து வந்தவை. படிந்த பின் நடந்தது என்றால் குரோம் எண் பலவிதமாக இருந்தாலும் மெக்னீசியம் எண்ணும் துத்தநாகமும் எல்லாத் துகளிலும் ஒரே மதிப்பை நோக்கிக் கூடும், சின்னத் துகள்கள் அதில் முன்னே போயிருக்கும். என் அனுபவத்தில் இந்தக் கூட்டப் போக்கைத்தான் அதிகம் நம்பலாம். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, அதே படிவம் உருமாறாமல் இருக்கும் இடத்துக்கு நடந்து போய் அங்கேயும் ஒரு மாதிரி எடுப்பது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வாதமே தேவைப்படாது.

கல்லில் பச்சை மைக்கா மின்னுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. அது ஃபியூக்சைட், குரோமியம் கலந்த மஸ்கோவைட். ஜாக் ஹில்ஸ் பாறையிலும் அது இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பச்சை இருந்தால், குரோமியம் ஸ்பினெல்லை விட்டு வெளியேறியிருக்கிறது என்று கொள்ளுங்கள், அசையாது என்று நாம் நம்பிய குரோமியமே அசைந்திருக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள பாறையில் அதே குரோமியம் பச்சைக் கார்னெட்டாகவும் வரலாம். அப்படிப்பட்ட கல்லில் ஸ்பினெல் கருவின் குரோம் எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

காந்தத்தை வைச்சு மேக்னடைட்டை எடுத்துட்டு மிச்சத்தைப் பார்த்தா வேலை சுலபம்தானே?

சுலபம்தான், ஆனால் சத்தமில்லாமல் ஒரு தவறு நுழைகிறது. குரோமைட்டு தனியாக இருந்தால் கைக்காந்தம் அதை இழுக்காது. மேக்னடைட் விளிம்பு வந்த துகளை இழுத்துவிடும். ஆகவே காந்தம் உங்கள் மாதிரியிலிருந்து உருமாறிய துகள்களை மட்டும் பொறுக்கி எறிகிறது, மிச்சமிருப்பதைப் பார்த்து "எங்கள் ஸ்பினெல் மாறவே இல்லை" என்று எழுதிவிடுகிறோம். காந்தம் இழுத்த பங்கிலும் ஒரு 50 துகளையாவது பதித்துப் பாருங்கள்.

மைக்ரோபுரோப்ல கூட்டுத்தொகை 96-தான் வருது, ஃபெரிக் இரும்பு மைனஸ்ல போகுது. ஏன்?

துத்தநாகத்தை அளந்தீர்களா? பெரும்பாலும் அதுதான் விடை. மைக்ரோபுரோப் (எலக்ட்ரான் கற்றையால் துகளின் வேதிக் கூட்டை அளக்கும் கருவி) மொத்த இரும்பை மட்டுமே கொடுக்கும், அதில் எவ்வளவு ஃபெரிக் என்பதை நாம் நான்கு ஆக்சிஜனுக்கு மூன்று உலோக அயனி என்ற கணக்கில் பிரிக்கிறோம். துத்தநாகத்தை விட்டுவிட்டால் இரட்டை மின்சுமை இடம் காலியாகத் தெரியும், கணக்கு அதை நிரப்ப ஃபெரஸ் இரும்பைக் கூட்டி ஃபெரிக் இரும்பைக் குறைக்கும், சில நேரம் பூஜ்யத்துக்கும் கீழே. மாற்றமில்லாத மேன்டில் ஸ்பினெல்லுக்கு அமைத்த பழைய அளவீட்டுப் பட்டியலை உருமாறிய துகளுக்கும் அப்படியே பயன்படுத்துவதால் வரும் வினை இது. துத்தநாகம், மாங்கனீசு, வனேடியம் மூன்றையும் பட்டியலில் சேருங்கள். அப்படியும் கூட்டுத்தொகை குறைந்தால் குளோரைட் துளையின் மேல் கற்றை விழுந்ததா என்று சிலிக்காவைப் பாருங்கள்.

கிரானுலைட் தரப் பாறையில் வளையமே இல்லை, துகள் முழுக்க ஒரே மாதிரி இருக்கு. அப்போ மாறாம தப்பிச்சிருக்குன்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம். கிரானுலைட் தரம் ஆம்ஃபிபோலைட்டையும்விடச் சூடானது, அந்த வெப்பத்தில் வளையம் இல்லாததற்குக் காரணம், கருவும் விளிம்பும் முழுக்கக் கலந்து சமமாகிவிட்டது. அங்கே அலுமினியம் திரும்ப உள்ளே வரவும் கூடும், அப்போது குரோம் எண் மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம் போகும். போதாக்குறைக்கு, களிமண் பாறை அவ்வளவு சூடேறும்போது ஹெர்சினைட் என்ற இரும்பு அலுமினிய ஸ்பினெல் புதிதாகவே பிறக்கும். அதில் குரோமியம் மிகக் குறைவு. ஆற்றில் வந்த பழைய துகளின் மேல் அது போர்வையாக வளர்ந்திருந்தால் நடுவில் மட்டும் குரோமியம் ஏறியிருக்கும், குரோமிய வரைபடம் எடுத்தால் தெரிந்துவிடும்.

என் துகள்கள் எல்லாமே மாறிடுச்சு. வேலை வீணா?

வீணில்லை. துகள் இருக்கிறது என்பதே ஒரு தகவல், அதை உருமாற்றம் அழிக்கவில்லை. குரோம் ஸ்பினெல்லையும் சிர்கானையும் எண்ணி, இரண்டின் கூட்டில் ஸ்பினெல் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். இரண்டுமே புதைவைத் தாங்குபவை, அடர்த்தியும் பக்கத்தில்தான், அதனால் மேன்டில் வகைப் பாறையின் பங்கு அடுக்குக்கு அடுக்கு ஏறியதா இறங்கியதா என்று அந்த விகிதம் சொல்லும். இதற்குத் துகளின் வேதியியலே தேவையில்லை, கிரீன்ஷிஸ்ட் தரத்திலும் செய்யலாம். ஃபியூக்சைட் நிறைய இருந்தால் மட்டும் கவனம், அங்கே ஸ்பினெல் எண்ணிக்கையே குறைந்திருக்கும்.

அப்புறம், துகள் உருவான சூழலைக் காட்டும் படங்களில் அந்தப் புள்ளிகளைப் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமென்றால் வேறு குறியீட்டில் போட்டு, துத்தநாகமும் ஃபெரிக் இரும்பும் எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அட்டவணையில் ஒவ்வொரு துகளுக்கும் கரு ஒரு வரி, விளிம்பு ஒரு வரி, துகளின் விட்டம் ஒரு பத்தி. சராசரி எடுத்து ஒரே வரியாக்கிவிட்டால், நாளை வேறொருவர் அதை உருமாற்றத்துக்காகத் திரும்பப் படிக்க வழியே இருக்காது.